உள்ளீடற்ற சுவரும் சிறகுடை ஆணியும்

‘சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்’ என்பர் நம் முன்னோர். சித்திரத்தைச் சுவரின்மேலேயே தீட்டிய காலத்து மொழி அது. படத்திற்குச் சட்டமிட்டுத் தொங்கவிடும் இக்காலத்தில் சுவர் இருத்தல் மட்டும் போதாது; அஃது எத்தன்மைத்து என்பதையும் அறிதல் வேண்டும்.

பண்டைத் தமிழ் இல்லங்களில் சுவர்மேல் பாரம் ஏற்றும் வழக்கம் மிகுதியாக இல்லை. தயிர்ப்பானை உத்தரத்திலிருந்து தொங்கும் உறியில் இருந்தது. விளக்கு, தடித்த சுவரைக் குடைந்தமைத்த மாடத்தில் இருந்தது. துணி மாட்டுதற்கு மட்டும் சுவரில் மரமுளை அடித்தனர். ‘முளை’ என்னும் சொல், மண்ணைப் பிளந்து வெளிவரும் தளிரையும் சுவரைப் பிளந்து உட்புகும் கட்டையையும் ஒருங்கே குறிப்பது எண்ணி மகிழத்தக்கது.

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டைச் சூழ்ந்த நாகலூர் முதலிய ஊர்களை நோக்குவோம். காப்பித் தோட்டத்தார் எழுப்பிய பழைய மாளிகைகளின் சுவர்கள் தடித்தவை; திண்ணியவை. மலைவாழ் மக்களின் பழைய குடிசைச் சுவர்களோ மூங்கிற் பிளாச்சுகளைத் தட்டியாக முடைந்து மண் பூசியவை. இவற்றின்பின் வந்தது ஜிப்சம் பலகைச் சுவர். மலைமேல் செங்கல்லும் மணலும் ஏற்றிச் செல்வது எளிதன்று. ஆதலின் இவ்விலேசான பலகை அங்கு விரும்பப்படுவதில் வியப்பில்லை.

ஜிப்சம் என்பது நகத்தாற் கீறத்தக்க மென்மையுடைய கனிமம். நம் நாட்டில் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் கிடைக்கின்றது. இதனைச் சுட்டுப் பொடித்து, நீரிற் குழைத்து, இரண்டு தடித்த தாள்களுக்கு இடையே பரப்பி இறுகச் செய்தால் பலகையாகும். இதற்கு முன்னோடியான பலகை ஒன்றுக்கு 1894ஆம் ஆண்டில் அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் என்பார் காப்புரிமை பெற்றார். இக்காலப் பலகையின் கனம் ஏறத்தாழ அரை அங்குலமே. இரும்புச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் இப்பலகையைப் பொருத்துவர். நடுவே வெற்றிடம் இருக்கும்.

இத்தகைய சுவரில் ஆணி அறைந்தால் நிகழ்வது யாது? செங்கற்சுவரில் ஆணியை நாற்புறமும் நெருக்கிப் பிடிக்கும் பொருள் உண்டு. ஜிப்சமோ ஆணி புகுந்தவிடத்துப் பொடியாகிவிடும். திண்ணிய சுவருக்கு மற்றொரு துணையும் உண்டு. 1911ஆம் ஆண்டையொட்டி, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களில் மின்சாரக் கருவிகளைச் சிதைவின்றிப் பொருத்தவேண்டி, ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பார் சணல் நாரினால் ஒரு சிறு குழல் செய்தார். துளையில் அதனை இட்டுத் திருகாணியை முடுக்கினால், அது விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். நம் கடைகளில் விற்கும் ‘ராவல் பிளக்’ அவ்வழி வந்ததே. ஆயினும் பற்றிக்கொள்ளச் சுவருள் யாதும் இல்லாதவிடத்து அதுவும் பயன்படாது.

மூங்கிற்றட்டியைக் கொண்டே இதற்கு விடை காணலாம். ஒரு கயிற்றின் நுனியில் சிறு குச்சியை அதன் நடுவிற் கட்டுக. தட்டியின் இடுக்கில் குச்சியை நெடுக்காக நுழைத்து, அப்பாற் சென்றதும் கயிற்றை இழுக்க. குச்சி குறுக்காகத் திரும்பித் தட்டியின் பின்னே தங்கிவிடும். இப்பொழுது பாரத்தைத் தாங்குவது ஓர் இடுக்கன்று. குச்சி படிந்த பரப்பு முழுவதும் ஆகும். ‘டாகிள் போல்ட்’ எனக் கடைக்காரர் கூறும் சிறகுடை ஆணியின் நுட்பம் முழுவதும் இதுவே. நீண்ட திருகாணி, அதன் நுனியில் வில்லால் விரியும் இரண்டு சிறகுகள். மடக்கி நுழைத்தால் உள்ளே விரியும்.

மாணவர்களே, முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். பலாப்பழத்தின் பதத்தை ஒலியால் அறிவார் போல, வெற்றிடத்தையும் சட்டத்தையும் ஒலியால் அறியலாம். காந்தத்தை நகர்த்தினால், பலகையைப் பொருத்திய திருகாணிகள் உள்ள இடத்தில் அஃது ஒட்டும். அங்கே சட்டம் உண்டு. தொங்கவிடும் பொருளைச் சட்டத்தோடு பிணைப்பதே தலைசிறந்தது. இயலாதவிடத்தே சிறகுடை ஆணியை நாடுக.

கால் அங்குலத் திருகாணிக்கு ஏறத்தாழ 5/8 அங்குலத் துளை வேண்டும். மடக்கிய சிறகு புகவேண்டுமன்றோ! ஆணியின் நீளம், தொங்கவிடும் பொருளின் கனத்தையும் பலகையின் கனத்தையும் மடங்கிய சிறகையும் கடந்திருத்தல் வேண்டும். மாட்டும் கொக்கியை முன்னரே ஆணியிற் கோத்துக்கொள்க. மறந்து, பின்னர் ஆணியைக் கழற்றினால் சிறகு சுவருள் வீழ்ந்துவிடும். முடுக்கும்போது ஆணியைத் தன்பால் சிறிது இழுத்துப் பிடிக்க. இன்றேல் சிறகும் உடன் சுழலும். இறுகியதும் நிறுத்துக. மிகை முடுக்கம் பலகையை நொறுக்கும்.

பெட்டியின்மேல் அச்சிட்ட பாரம் பெரும்பாலும் ஆணி பிடுங்கப்படும் எல்லையாகும். அதில் நான்கில் ஒரு பங்கை ஏற்றுவதே அமைவுடையது. சுவரோடு ஒட்டிய படத்தினும், முன்னே நீண்ட புத்தகத்தட்டு ஆணியை நெம்பி இழுக்கும். தொட்டிலின் மேலோ, படுக்கையின் தலைமாட்டிலோ கனத்த கண்ணாடியை இதனை நம்பி மாட்டற்க. கூரைப் பலகையில் மின்விசிறியைத் தொங்கவிடுவதோ அறவே ஆகாது. ஏற்காட்டு மூடுபனியும் மழையும் பலகையில் ஊறினால் அதன் வலி குன்றும். ஈரம் கசியும் சுவரையும் விலக்குக.

பின்னொருகால் பொருளை எடுக்க நேர்ந்தால் சிறகு உள்ளே விழும், பெருந்துளை எஞ்சும். துளையின்மேல் வலைத்துணி ஒட்டி, ஜிப்சம் பொடியைக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் தேய்த்து வண்ணம் தீட்டுக.