இரத்தம் உறைவதும் உறையாமற் போவதும்

தாராபுரம் வட்டத்தின் அமராவதிப் பாசன வயல்களிலும், கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளிலும் பாடுபடும் குடியானவர்களுக்குக் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் புதியன அல்ல. இவற்றால் கடியுண்டவருக்குக் கடிவாயிலும் ஈறுகளிலும் இரத்தம் நில்லாமற் கசிவதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். இதன் காரணத்தை அறிந்தால், செய்யத் தக்கதும் தகாததும் விளங்கும்.

அரிவாள் பட்டுக் கை அறுபட்டால், சில நிமிஷங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. முதலில் இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் காயத்தின் வாயிற் குவிந்து அடைக்கின்றன. பின்னர், பெரும்பாலும் கல்லீரல் உண்டாக்கித் தரும் சில புரதங்கள், ஒரு பாத்தி நிரம்பி அடுத்த பாத்திக்கு நீர் பாய்வதுபோல, ஒன்றையொன்று தூண்டுகின்றன. முடிவில் திராம்பின் என்னும் பொருள் தோன்றி, இரத்தத்திற் கரைந்துள்ள பைப்ரினோஜனைப் பைப்ரின் என்னும் நாராக மாற்றுகிறது. அந்நார் வலைபோற் பின்னி இரத்த அணுக்களைப் பிடித்துக்கொள்ளவே, இரத்தம் கட்டியாக உறைகிறது. இவ்வேலை காயத்தோடு நிற்க வேண்டும். குழாய்களெங்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் உறைதலைத் தடுக்கும் பொருள்களும் இரத்தத்திலேயே அமைந்துள்ளன.

விரியன் விஷத்தின் செயல் விந்தையானது. அது முதன்மையாக உறைதலைத் தூண்டுவதே! 1934-இல் லண்டனில் மாக்பர்லேன், பார்னெட் என்னும் இருவர், இரத்தம் எளிதில் உறையாத பிறவிநோய் உடையோரின் காயங்களில், மிகவும் நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தை இட்டு இரத்தத்தை நிறுத்திக் காட்டினர். கடியினால் அவ்விஷம் உடலெங்கும் பரவும்போதோ, பைப்ரினோஜன் வீணே செலவாகித் தீர்ந்துவிடுகிறது. களஞ்சியம் காலியான பின் புதுக் காயத்தை எதைக்கொண்டு அடைப்பது? எனவே கடிவாயைக் கீறுதல் பெருந்தவறு. இறுகக் கட்டுதலும் ஆகாது. கடியுண்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசையாது வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். (கட்டு விரியன் பெயரில் விரியனாயினும் நரம்பைத் தாக்குவது, அதற்கும் இம்முறையே.) 108 வண்டியை அழைப்பதில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முந்திக்கொள்ள வேண்டும். மந்திரிப்பவரிடம் கழியும் அரைமணியில் களஞ்சியம் மேலும் வற்றும்.

மருத்துவமனையில் சிறிது இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். நீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். 1978-இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷம் இம்மருந்து செய்யப் பயன்படுகிறது. மருந்து விஷத்தை முறிக்கும். தீர்ந்துபோன பைப்ரினோஜனைக் கல்லீரல்தான் மீண்டும் ஆக்கவேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகையால் 6 மணி கழித்து இரத்தத்தை மறுபடியும் சோதிக்கிறார்கள். கசிவு நின்றதென்று கண்டு, அதற்குள் நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்ல உறவினர் அவசரப்படலாகாது.