டெப் கணனியில் வைபை ஏன் அடிக்கடி அறுந்துபோகிறது?



மண்சரிவு அபாயத்தால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு இறங்கி, உறவினர் லயத்திலோ பாடசாலை மண்டபத்திலோ வாடகை அறையிலோ தங்கியிருக்கும் குடும்பங்களை மனதிற்கொண்டு இம்முறை பாடத்தை எழுதுகிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களை இப்படி இறக்கிவிட்டன. விதைக்கிழங்கும் மண்வெட்டியும் மாடும் போன பிறகும், சில வீடுகளில் பிள்ளையின் டெப் கணனி மட்டும் கையோடு தப்பி வந்திருக்கிறது. பிள்ளையின் பாடங்கள், அடையாள அட்டையின் படம், காணிக் கடிதத்தின் படம், இடிந்த வீட்டின் படம் எல்லாம் அதற்குள்தான். அது “வைபை பிடிக்குது, விடுது” என்ற நிலைக்கு வந்தால், உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை நிறைய உண்டு.

முதலில் ஒரு விடயத்தைப் புரிந்துகொள்வோம். இணைப்பு என்று நாம் சொல்வது ஒன்றல்ல, இரண்டு. லயத்திலிருந்து பெரிய பாதைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று. அங்கிருந்து ஹற்றனுக்குப் போகும் பஸ் பாதை மற்றொன்று. டெப்பிலிருந்து வீட்டு ரவுட்டர் பெட்டி வரை போவது ஒற்றையடிப் பாதை. அதுதான் வைபை. ரவுட்டரிலிருந்து மலைக்கு அப்பாலுள்ள தொலைபேசிக் கோபுரத்துக்குப் போவது பஸ் பாதை. நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் ரவுட்டருக்குள் ஒரு சிம் அட்டைதான் இருக்கிறது. கம்பி வழியாக இணையம் வரும் வீடுகள் குறைவு. எந்தப் பாதை உடைந்தாலும் பிள்ளைக்குத் தெரிவது ஒன்றுதான்: பாடம் திறக்கவில்லை. ஆனால் மருந்து வேறு வேறு.

எந்தப் பாதை உடைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணைப்பு அறும் அந்த நேரத்திலேயே டெப்பின் மேல் ஓரத்திலுள்ள விசிறி வடிவ அடையாளத்தைப் பாருங்கள். அடையாளமே மறைந்துவிட்டால் ஒற்றையடிப் பாதையில் குறை. அடையாளம் நிற்கிறது, ஆனால் பக்கத்தில் ஆச்சரியக்குறி விழுந்திருக்கிறது அல்லது “இணையம் இல்லை” என்று வருகிறது என்றால் பெரும்பாலும் பஸ் பாதையில் குறை. அதே நேரத்தில் அதே ரவுட்டரில் இருக்கும் இன்னொரு கைத்தொலைபேசியையும் பாருங்கள். எல்லாக் கருவிகளும் சேர்ந்து அறுந்தால் டெப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். டெப் மட்டும் அறுந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. இதைச் செய்யாமல் டெப்பைக் கடையில் கொடுப்பது வீண் செலவு என்பது எமது எண்ணம்.

இனி பஸ் பாதை. மலைநாட்டில் கோபுரத்தின் அலை ஒரு சரிவில் நன்றாகக் கிடைக்கும், நாற்பது அடி தள்ளி மறுசரிவில் கிடைக்காது. நீர்த்தேக்கத்தின் இக்கரையில் நின்று பேசலாம், வளைவைத் தாண்டினால் பேச்சு அறும். ஆகையால் ரவுட்டரை அழகுக்காக அலமாரியில் வைக்க வேண்டாம். அதே கம்பனியின் சிம் போட்ட கைத்தொலைபேசியுடன் இஸ்தோப்பு, ஜன்னல் ஓரம், பின்கட்டு என்று மெதுவாக நடந்து பாருங்கள். கோடுகள் அதிகம் தெரியும் இடத்தில், ஜன்னலுக்கு அருகே, மழைச்சாரல் படாமல் பெட்டியை வையுங்கள். தகரக் கூரையை ஒட்டி உயரத்தில் வைப்பதும் நல்லதல்ல. தகரம் அலையைத் தடுக்கும், வெயில் நேரத்தில் பெட்டியையும் சூடாக்கும். சூடேறிய பெட்டி தானாகவே நின்று நின்று எழும்பும்.

“பனி இறங்கினால் நெட் போகும்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. பனிமூட்டமும் மழையும் கைத்தொலைபேசி அலையையோ வைபை அலையையோ பெரிதாகக் குறைப்பதில்லை. மழை நாளில் நடப்பது வேறு. கோபுரத்துக்கு மின்சாரம் நின்று, அதன் பற்றரியும் தீர்ந்துபோகலாம். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே ஓடும் மிக உயர்ந்த அதிர்வெண் அலையைக் கனமழை மங்கச் செய்யலாம். போதாததற்கு, வேலை இல்லாமல் எல்லோரும் வீட்டில் இருந்து ஒரே கோபுரத்தில் படம் பார்ப்பார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் வேகம் விழுவதும் இதே நெரிசலால்தான். இதற்கு டெப்பில் செய்ய ஒன்றுமில்லை. விடியற்காலையில் வேலையை முடிக்கலாம். டேட்டா பொதி தீர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். சில பொதிகளில் பகலுக்கு ஓர் அளவும் இரவுக்குத் தனி அளவும் இருப்பதால், இரவு நன்றாக ஓடி, பகலில் நிற்கும்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் நோட்டன் பிரிட்ஜிலேயே இருக்கிறது. ஆனாலும் மேலேயுள்ள பழைய லயத்தில் கேத்தல் போட்டால் பல்பு மங்குகிறது. காம்பராவுக்குள் ஓடும் பழைய வயரும், ஒரே பிளக்கில் தொங்கும் ஐந்து கருவிகளும் அதற்குக் காரணம். அப்படி மங்கும் நொடியில் ரவுட்டர் அணைந்து எழும்பும். திரும்பவும் கோபுரத்தைப் பிடிக்க ஓரிரு நிமிடம் செல்லும். பிள்ளை “வைபை அறுந்திட்டுது” என்று சொல்லும். பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து எரிகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் ரவுட்டருக்குத் தனி பிளக் கொடுங்கள். சிறிய பற்றரிப் பெட்டி வாங்குவோர் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். பல ரவுட்டர்களுக்கு 12 வோல்ட்; 5 அல்லது 9 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கருகிவிடும்.

அடுத்து ஒற்றையடிப் பாதை. வைபை இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது: 2.4 ஜிகாஹேர்ட்ஸ், 5 ஜிகாஹேர்ட்ஸ். முதலாவது வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும், சுவரைத் தாண்டும். இரண்டாவது வேகம் கூடியது, ஆனால் தடித்த கற்சுவரில் சோர்ந்துவிடும். லயத்தின் கற்சுவருக்கு மறுபுறம் இருந்து படிக்கும் பிள்ளையின் டெப் 5 ஜிகாஹேர்ட்ஸைப் பிடிக்க முயன்று, விட்டு, மீண்டும் பிடித்து, விடும். ரவுட்டரின் பெயர் இரண்டாகத் தெரிந்து, ஒன்றின் பின்னால் 5 என்று இருந்தால், மற்றதில் சேருங்கள். டெப்பை ரவுட்டருக்கு ஆறடி தூரத்தில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கே அறவில்லை என்றால் சுவரும் தூரமும்தான் காரணம்.

பக்கத்திலேயே வைத்தும் அறுந்தால் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இருப்பதுபோல, ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் சில ரவுட்டர்கள் பழைய செக்ரோலை மறந்து, டெப்பின் இலக்கத்தை வேறொரு தொலைபேசிக்குக் கொடுத்துவிடும். ஒரே இலக்கத்துக்கு இருவர் வந்தால் இருவருக்கும் தகராறு. டெப்பில் வைபையை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்த வைபை பெயரை அழுத்தி, “மற” என்பதைத் தெரிவு செய்து, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டுச் சேருங்கள்.

முகாம்களிலும் மண்டபங்களிலும் இருப்போருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. கைக்கடக்கமான சிறிய வைபை பெட்டிகள் பலவற்றில் பத்துக் கருவிகளுக்கு மேல் இடம் இல்லை. பதினோராவது ஆள் வந்தால் கதவு திறக்காது. உள்ளே இருந்த ஒருவர் விலகினால்தான் இடம். ஆகவே நாள் முழுவதும் எல்லாத் தொலைபேசிகளும் ஒட்டிக்கொண்டிருக்காமல், பிள்ளைகள் படிக்கும் மணித்தியாலத்தைப் பெரியவர்கள் பேசி ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இந்தச் சிறு பெட்டிகள், யாரும் பாவிக்காமல் சில நிமிடம் போனால் பற்றரியைச் சேமிக்கத் தாமாகவே வைபையை நிறுத்துவதும் உண்டு. மேலும், 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10 முதல் டெப்கள் தங்கள் உண்மை அடையாள எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைபைக்கும் ஒரு மாற்று எண்ணைக் காட்டுகின்றன. பதிவு செய்த கருவிகளுக்கு மட்டும் அனுமதி தரும் நிலையத்தில் இதனால் வாசலில் நிறுத்தப்படலாம். பொறுப்பாளரிடம் அந்த எண்ணைக் காட்டிப் பதியச் சொல்லுங்கள்.

டெப்புக்குள் பார்க்க வேண்டியவை சிலவே. பற்றரிச் சேமிப்பு முறையை நிறுத்திப் பாருங்கள். திரை அணைந்ததும் இணைப்பு அறுவது அதனால் இருக்கலாம். திகதியும் நேரமும் பிழையாக இருந்தால் வைபை இருந்தும் பக்கங்கள் திறக்காது. கடைசியாக “வலையமைப்பு அமைப்புகளை மீட்டமை” என்பதைச் செய்யலாம். சேமித்த வைபை கடவுச்சொற்கள் போகும், படங்கள் போகாது. ஆனால் “தொழிற்சாலை மீட்டமைப்பு” என்பது வேறு. அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். கடையில் அதைச் செய்யலாமா என்று கேட்டால், காணிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களை மெமரி அட்டைக்கோ நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசிக்கோ மாற்றி, மெமரி அட்டையைக் கழற்றி எடுக்கும்வரை சம்மதிக்க வேண்டாம்.

எப்படிச் சரிசெய்தாலும் மலையில் இணைப்பு அறும் நாட்கள் வரத்தான் செய்யும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஓடும் நேரத்தில் பிள்ளையின் வகுப்புக்குரிய தமிழ் நூல்களை ஒரே தடவையில் இறக்கி வைத்தால், பிறகு வைபை இல்லாமலே வாசிக்கலாம். பயிர் சம்பந்தமான கேள்விகளுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குச் சாதாரண தொலைபேசியிலேயே பேசலாம். மண்சரிவு எச்சரிக்கையை மட்டும் வைபையை நம்பி விட்டுவிட வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மழை இரவுகளில் பற்றரி வானொலி ஒன்றும், சார்ஜ் ஏற்றிய பட்டன் தொலைபேசி ஒன்றும் தலைமாட்டில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கம்பனியின் உதவி இலக்கத்தை அழைக்க நேர்ந்தால், அதற்கு முன் மூன்று நாட்களுக்குப் பிள்ளையின் கொப்பியில் குறித்து வையுங்கள்: அறுந்த நேரம், விசிறி அடையாளம் மறைந்ததா நின்றதா, மற்றத் தொலைபேசிக்கும் அறுந்ததா, பெட்டியின் விளக்குகள் எப்படி இருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்து வாசித்தால் மறுமுனையில் இருப்பவர் உங்களை அலைக்கழிக்க இடமிருக்காது.