ஊருக்குப் போகும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வருகிற கோடையைச் சேரன்மாதேவிப் பக்கத்து ஊர் வீட்டில் கழிக்கப் போகிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து செய்தித்தாளும் கைபேசியுமாகவே இருக்கிறார். 'இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ள ஒரு கைவேலை சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஓலைப்பெட்டி முடைவதைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு வேறு சிலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் பதிலைப் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வேலை வேண்டாம். இத்தனை வருடம் ஆளுக்கொரு அலுவலகம் போய் வந்தவர்களை ஒரே பாயில் உட்கார வைத்து ஒரே பெட்டியை முடையச் சொன்னால், பெட்டி முடிவதற்குள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஓலை என்னுடையது, நார் என் வீட்டுக்காரருடையது. ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது. இந்த ஏற்பாடு இதுவரை பெரும்பாலும் காப்பாற்றப்பட்டு வருகிறது.

எந்த வேலை என்பதை நாங்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. உடன்குடிப் பக்கம் செம்மண் தேரியும் பனையுமாக இருக்கிற ஊரில் வந்து உட்கார்ந்தால் வேறு எது கைக்கு வரும்? பங்குனி பிறந்தால் இங்கே ஊரே பனைக்குக் கீழேதான். பனையேறிகள் விடியுமுன் ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாற்றிக் கட்டிவிட்டு இறங்குவார்கள். சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து போகும். கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை அன்றைக்கே பெரிய வட்டாவில் ஊற்றிக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இந்தக் கருப்பட்டிக்குத்தான் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகும் கடையில் சீனிப்பாகு கலந்ததுதான் மலிவாக ஓடுகிறது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் பதநீரையும் நுங்கையும் ஒரே மரத்தில் கேட்பார்கள். பாளையைச் சீவிவிட்ட பிறகு நுங்கு எங்கிருந்து வரும்?

ஓலைக்கு வருகிறேன். பெட்டிக்கு வேண்டியது குருத்தோலை, விரியாத வெளிர் ஓலை. முற்றிய சாரோலை கூரைக்கும் வேலிக்கும்தான் சரி. குருத்தை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் பாதி இந்த வகிர்தல்தான். அகலம் ஒரு நூல் கூடிக் குறைந்தாலும் பெட்டியின் அடி கோணிக்கொள்ளும். அடி சதுரமாகத் தொடங்கி, நான்கு மூலையையும் மடக்கி ஏற்றும்போது வாய் தானாக வட்டமாகிவிடுகிறது. அந்த மூலை மடக்கும் இடத்தை எனக்கு இன்னும் வாயால் விளக்கத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

நேரத்தைத் தீர்மானிப்பதும் ஓலைதான். உலர்த்திய ஓலையானாலும் முடையும்போது ஈரம் இருந்தால்தான் வளையும். அக்கினி நட்சத்திரத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்தால் மடக்குகிற இடத்தில் கீறிவிடும். அதனால் விடியலில் கொஞ்சம், அந்தி சாய்ந்த பிறகு கொஞ்சம், இடைப்பட்ட நேரத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட வேண்டியதுதான். நடுப்பகலில் எழுதலாம், படிக்கலாம், தூங்கலாம். வேலைக்குப் போன காலத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஓடியவளுக்கு இந்த அதிகாரம் பிடித்திருக்கிறது.

அவருடையது நார்க்கட்டில். பனை மட்டையைக் கிழித்து எடுக்கிற நாரை ஊறவைத்துப் பதப்படுத்தி, மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவது. மின்சாரம் போகிற இரவில் முற்றத்தில் போட்டுப் படுத்தால் அடியில் காற்று வரும், எந்த மெத்தையும் அதற்கு ஈடில்லை. வங்கியில் இருந்தவர், ஒவ்வொரு இழையையும் பேரேட்டில் பதிவதுபோலச் சரிபார்த்துத்தான் அடுத்ததற்குப் போவார். முடிய நாளாகும். ஆனால் தொய்வதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. கிராமத்தில் நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது பக்கத்து வீட்டில் அடுப்பெரிகிற காரியம். எனக்கு முடையச் சொல்லிக்கொடுத்த பெண் அதை விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கருப்பட்டி வியாபாரிக்கும் கல்யாண வீட்டுக்கும் பெட்டி போடுகிறவள். என் பெட்டிகளைப் பார்த்த உறவுக்காரர்கள் ஆளுக்கு நாலு கேட்டார்கள். ஓய்வூதியம் வாங்குகிற நான் ஆசைக்கு முடைந்து இனாமாகக் கொடுத்தால் அவளிடம் யார் வாங்குவார்கள்? பிளாஸ்டிக் டப்பா பிடுங்கியதுபோக மிஞ்சிய சந்தையை நானும் பிடுங்குவதா? கேட்டவர்களை அவளிடமே அனுப்பினேன். சிலருக்கு வருத்தம்தான்.

சொல்லிக்கொடுத்ததற்குப் பணம் நீட்டினால் வாங்க மாட்டாள். "என்ன டீச்சரம்மா, இதுக்குப் போயி" என்பாள். பிறகு ஒரு வழி கிடைத்தது. அவள் வகிர்ந்து வைக்கிற ஓலையை விலைக்கு வாங்குகிறேன். என் வகிர்தல் ஒப்பேறாது என்பது இருவருக்கும் தெரியும், அதனால் அது தானமாகவும் இல்லை. பனையேறி விஷயத்திலும் இப்படித்தான். வந்த விருந்தாளிகள் படம் எடுக்க வேண்டும் என்பதற்காக அவரை ஒரு தடவை ஏறிக் காட்டச் சொல்லாதீர்கள். காலையிலும் மாலையிலும் அத்தனை மரம் ஏறி இறங்குகிற உடம்பு அது. 2021-லிருந்து கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு சொல்லியிருக்கிறது, நல்லதுதான். மரம் நின்றாலும் ஏறுகிறவர் இல்லையென்றால் கலயம் கட்டுவது யார் என்பது வேறு கேள்வி.

உங்கள் ஊர் விஷயம். அது பனங்காடு இல்லை, ஆற்றுப் பாசனம். பக்கத்திலேயே பத்தமடை. கைவேலை வேண்டுமென்றால் அங்கே கேட்க வேண்டியது கோரையை. தாமிரபரணிக் கரைக் கோரையை வெட்டி உலர்த்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய கீற்றாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கோத்துப் பாய் நெய்கிறார்கள். பட்டுபோல மடிகிற அந்த மெல்லிய பாயை ஒரு கோடையில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது தலைமுறை தலைமுறையாக நெய்கிற குடும்பங்களின் கை. அதை விலை பேசாமல் வாங்குங்கள். நீங்கள் தடித்த கோரையில் சின்னத் தடுக்கு ஒன்று முயன்று பார்க்கலாம்.

மூட்டு வலி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தரையில் உட்கார வேண்டாம், திண்ணையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டும் தடுக்கு பின்னலாம். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். வடகம், ஊறுகாய் எல்லாம் போடத்தான் போகிறீர்கள், அதற்கு என் யோசனை தேவையில்லை.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரை விட்டுவிடுங்கள். பேப்பர் படிப்பதும் ஒரு வேலைதான். எங்கள் வீட்டுக்காரர் முதல் கோடை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். பழைய கட்டில் தொய்ந்து முதுகு வலித்த பிறகுதான் நாரைத் தொட்டார். நான் சொல்லியிருந்தால் இன்றைக்கும் தொட்டிருக்க மாட்டார்.

இல்லை, ஓலைதான் வேண்டும் என்றால் மாசியிலேயே எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குருத்துக்குச் சொல்லி வைக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் பனையேறிகளுக்கு நின்று பேச நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் சகோதரி