மின்சேமக்கலம்: கணக்கும் நிறுவுதலும்

வீடுகள் அனைத்தும் மின்வசதி பெற்ற மாநிலமாகக் கேரளம் 2017 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் பல பகுதிகள் இருளில் மூழ்கின. நீரால் சூழப்பட்டோர் தம் இருப்பிடத்தை மீட்புக் குழுவினருக்கு அறிவிக்கக் கைப்பேசியையே நம்பியிருந்தனர்; மின்னூட்டம் தீர்ந்ததும் அவ்வழியும் அடைபட்டது. மின்தொடர் எட்டிய இடத்திலும் சேமித்த மின்சக்தி தேவைப்படுகிறது என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

மரபுசாரா எரிசக்திக்கென 1986இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்ட 'அனெர்ட்' நிறுவனம் இத்துறையில் நெடுநாள் பழகியது. 10,000 வீட்டுக் கூரைகளில் தலா 1 கிலோவாட் சூரிய மின்தகடுகளைச் சேமக்கலத்துடன் நிறுவும் திட்டம் 2012இல் இதன் வாயிலாகத் தொடங்கப்பட்டது.

பாட்டரி என வழங்கும் சேமக்கலத்தை வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது கணக்கில்தான். 'வாட்' என்பது மின்சக்தி செலவாகும் வேகம். 'வாட்-மணி' என்பது அதன் அளவு. முன்னது குழாயின் பருமன் என்றால், பின்னது தொட்டியின் கொள்ளளவு. கையில் தூக்கிச் செல்லும் மின்பெட்டியின் மேல் '1,000 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கொண்டு அது எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று கூற இயலாது.

ஒரு சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 9 வாட் விளக்குகள் மூன்று, 5 மணி நேரம்: 135 வாட்-மணி. 30 வாட் சிக்கன மின்விசிறி ஒன்று, 8 மணி நேரம்: 240. கைப்பேசிகளுக்கு 25. ஆக, நாளொன்றுக்கு 400 வாட்-மணி. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் வெயிலற்ற இரண்டு நாட்களுக்காவது இருப்பு வேண்டும், அது 800. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 940.

ஈய-அமிலக் கலத்தைப் பாதிக்குமேல் வடிப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே 12 வோல்ட், 160 ஆம்பியர்-மணிக் கலம் தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்தலாம். சுமார் 80 ஆம்பியர்-மணி போதும். விலை அதிகமெனினும் பன்மடங்கு உழைக்கும். இதே வீட்டில் 75 வாட் பழைய மின்விசிறி சுழலுமானால் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும்! சேமக்கலத்துக்கு முன் விசிறியை மாற்றுவதே சிக்கனம்.

மழைக்கால நாளொன்றில் முழு வெயிலுக்கு ஈடாக 3 மணி நேரமே கிடைக்கும் எனக் கொண்டால், இழப்புகளுக்கும் இடமளித்து 200 வாட் மின்தகடு வேண்டும். தகட்டுக்கும் கலத்துக்கும் இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தியும், கலத்தின் முனையருகே உருகியும் அமைதல் இன்றியமையாதது. திறந்தவகை ஈயக் கலம் மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டமற்ற அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று. குறையும் நீரைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

மின்தடையின்போது மின்பெட்டியின் கம்பியைச் சுவர்ச் செருகியில் இணைத்து வீடு முழுவதும் ஒளியேற்ற முனைவோரும் உண்டு. அம்மின்சாரம் தெருக் கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, மின்மாற்றியில் உயரழுத்தமாக மாறக்கூடும். புயலுக்குப் பின் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரியத் தொழிலாளிக்கு அது உயிராபத்து. விளக்கையும் விசிறியையும் பெட்டியிலேயே நேராகச் செருக வேண்டும். வீட்டு இணைப்புக்கு, உரிமம் பெற்ற மின்பணியாளர் பொருத்தும் மாற்று விசையே வழி.