ஆண்டுத் தாவரங்களும் பல்லாண்டுத் தாவரங்களும்

க.பொ.த (சா/த) – விவசாயம்

மாணவர்களே, இப்பகுதியில் வரைவிலக்கணத்தைச் சரியாக எழுதும் பலர் உதாரணத்தில் புள்ளிகளை இழக்கின்றனர். நிலத்தின் மேல் காய்ந்துபோகும் எல்லாம் ஆண்டுத் தாவரம் என எண்ணுவதே இதற்குக் காரணம். தாவரம் முற்றாக இறக்கின்றதா, அல்லது அதன் ஒரு பகுதி உயிருடன் எஞ்சுகின்றதா என்பதையே நோக்க வேண்டும்.

1. வரைவிலக்கணம்

ஆண்டுத் தாவரம்: முளைத்தல், வளர்தல், பூத்தல், வித்துத் தோற்றுவித்தல் ஆகியவற்றை ஒரு வருடத்திற்குள் முடித்து, முற்றாக இறக்கும் தாவரம்.
உ-ம்: காசித்தும்பை, சூரியகாந்தி, சீனியா

பல்லாண்டுத் தாவரம்: இரண்டு வருடங்களுக்கு மேல் உயிர்வாழும் தாவரம்.
உ-ம்: செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை

இவை இரண்டிற்கும் இடைப்பட்டது ஈராண்டுத் தாவரம். கரட் முதலாம் வருடத்தில் வேரில் உணவைச் சேமித்து, அடுத்த வருடத்தில் பூத்து இறக்கும். கிழங்குக்காக முன்னரே பிடுங்கிவிடுவதால் அதன் பூவை நாம் காண்பது அரிது.

2. பிரதான வேறுபாடுகள்

| | ஆண்டு | பல்லாண்டு |
|---|---|---|
| உணவு | பெரும்பகுதி வித்துகளுக்குச் செல்லும் | ஒரு பகுதி வேர், தண்டு, கிழங்கில் சேமிக்கப்படும் |
| தண்டு | பெரும்பாலும் மென்மையானது | பலவற்றில் வைரமானது |
| இனப்பெருக்கம் | வித்து மூலம் | வித்து மூலமும், தண்டுத்துண்டு, பதி, கிழங்கு மூலமும் |
| பராமரிப்பு | ஒவ்வொரு முறையும் புதிதாக நடல் | கத்தரித்தல், தொடர்ந்து பசளையிடல் |

3. விசேடமாகக் கவனிக்க

(அ) கார்த்திகைப்பூ: பூத்து முடிந்தபின் கொடி காய்ந்துவிடும். ஆனால் நிலத்தின் கீழுள்ள கிழங்கு உறங்குநிலையில் இருந்து, மழையுடன் மீண்டும் துளிர்க்கும். எனவே இது பல்லாண்டுத் தாவரம்.

(ஆ) தாளிப்பனை: வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே பூத்து இறக்கும். எனினும் பூப்பதற்குப் பல பத்து வருடங்கள் செல்வதால் இதுவும் பல்லாண்டுத் தாவரமே.

(இ) கத்தரி, மிளகாய்: இயல்பில் சில வருடங்கள் வாழக்கூடியவை. காலம் செல்ல விளைச்சல் குறைவதால் ஆண்டுப் பயிராகச் செய்கை பண்ணப்படுகின்றன. பரீட்சையில் இவற்றைத் தவிர்த்து, ஐயமற்ற உதாரணங்களையே எழுதுக.

4. மாதிரி வினா

ஒரு தோட்டத்தில் பார்த்தீனியமும் கோரையும் காணப்படுகின்றன. இரண்டையும் மண்வெட்டியால் மேலாகச் செருக்கியபோது கோரை மட்டும் விரைவில் மீண்டும் பரவியது. காரணத்தையும் தீர்வையும் தருக.

விடை: பார்த்தீனியம் வித்து மூலம் பரவும் ஆண்டுக் களை. பூப்பதற்கு முன் வேருடன் அகற்றினால் புதிய வித்துகள் மண்ணில் சேரா. (தோலில் ஒவ்வாமை ஏற்படுத்துவதால் கையுறை அணிதல் வேண்டும்.) கோரை பல்லாண்டுக் களை. மேற்பகுதியை வெட்டினாலும் கிழங்கிலுள்ள உணவைக் கொண்டு மீண்டும் துளிர்க்கும். ஆகவே மண்ணை ஆழமாகக் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்கி அகற்ற வேண்டும்.

குறிப்பு: "களையைப் பிடுங்க வேண்டும்" என மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. வாழ்க்கைக்காலத்தைக் காரணமாகக் காட்டுக.