மூவிழைக் கயிறு

சிட்லபாக்கத்திலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்வோர் பலரும் குரோம்பேட்டை நிலையத்தில் ஏறுகின்றனர். அவ்வூர்ப் பெயரின் முற்பகுதி குரோமியம் என்னும் உலோகத்தைக் குறிப்பது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிட்ட தொழிற்சாலை அங்கே இயங்கியது. தொழிற்சாலை மறைந்தது, பெயர் நிலைத்தது. பச்சைத்தோல் சில நாள்களில் அழுகிவிடும். குரோமியம் ஏறிய தோலோ கொதிநீரையும் தாங்கும். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? விடை காண, தோல் எதனால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உயிருடலின் எடையில் பெரும்பகுதி கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்னும் நான்கு தனிமங்களே. இவை நான்கும் கூடி அமைவன அமினோ அமிலங்கள். ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் நடுவே ஒரு கார்பன் அணு உண்டு. அதன் நான்கு கைகளுள் ஒன்றில் அமினோ தொகுதி, மற்றொன்றில் அமிலத் தொகுதி, மூன்றாவதில் ஹைட்ரஜன், நான்காவதில் பக்கத் தொகுதி. பக்கத் தொகுதிதான் ஓர் அமிலத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது. இருபது வகை அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கத் தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. இரண்டு அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அவ்வாறு நீண்டு தொடரும் சங்கிலியே புரதம்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் வலிமைக்குக் காரணமான புரதம் கொலாஜன். அதன் வடிவம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் உலகிற்குப் புதிராக இருந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி.என். இராமச்சந்திரனிடம், சென்னைக்கு வந்த அறிஞர் ஜே.டி. பெர்னல் இப்புதிரைப் பற்றிக் கூறினார். கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வாய்ப்பாயிற்று. கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது.

படங்கள் மட்டும் போதவில்லை. கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்று வேதிப் பகுப்பாய்வு காட்டியிருந்தது. மூன்றாம் இடந்தோறும் கிளைசின் வருமாயின், அவ்வொழுங்குக்கு ஏற்ற வடிவம் யாது? இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை முன்மொழிந்தனர். அடுத்த ஆண்டில் அதைக் கயிறுபோல் முறுக்கிய முச்சுருளாகத் திருத்தினர். மூன்று இழைகளும் நெருங்கும் உள்மையத்தில் இடம் மிகக் குறைவு. அங்கே புகக்கூடியது கிளைசின் ஒன்றே! அவ்விடத்தில் வேறோர் அமிலம் மாறிப் புகுந்தால் முறுக்குக் குலைகிறது. எளிதில் எலும்பு முறியும் பிறவி நோய்க்கு அத்தகைய மாற்றம் ஒரு காரணம்.

கயிற்றை நிலைநிறுத்த இன்னொன்றும் வேண்டும். புரோலின் என்னும் அமினோ அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி சேர்தல் வேண்டும். அதற்கு வைட்டமின் சி தேவை. அது கிட்டாத பழங்காலக் கடலோடிகளுக்கு ஈறுகளில் குருதி கசிந்தது. நம் நெல்லிக்கனியில் அது மிகுதி.

ஆட்டுக்காலை நெடுநேரம் வேகவைத்த சாறு ஆறியதும் கட்டியாவதைக் கண்டிருப்பீர்கள். வெப்பத்தால் முறுக்கவிழ்ந்த கொலாஜனே அக்கட்டி. குரோமியமோ அண்டைச் சங்கிலிகளின் அமிலத் தொகுதிகளைப் பற்றிப் பாலமிடுகிறது. ஆதலால் முறுக்கு எளிதில் அவிழ்வதில்லை. நுண்ணுயிரிகளாலும் அதை எளிதில் சிதைக்க இயலுவதில்லை.

சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறைகூறினர். மறுப்புரை எழுதுவதோடு இராமச்சந்திரன் அமையவில்லை. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். அந்த உழைப்பிலிருந்து, 1963இல், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் பிறந்தது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இயலாது என்பதை அது காட்டுகிறது. இன்று உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புதிய புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அதைச் சரிபார்க்க இராமச்சந்திரன் வரைபடத்தையே விரிக்கின்றனர்.