வாணவேடிக்கை முடியும்வரை இருக்கப் போகிறீர்களா?

ஜெயங்கொண்டத்துப் பிள்ளைகளுக்குத் தீம் பார்க் தூரம், திருவிழா பக்கம். அம்மன் கோவில் தேரோ, வரதராஜன்பேட்டை அலங்கார அன்னை, ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா தேர்பவனியோ, நோட்டீசில் வாணவேடிக்கை என்று இருந்தால் குடும்பத்தோடு போய்க் கடைசி வாணம்வரை இருந்து பாருங்கள். தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

• பிள்ளைகளுக்கு முன்னதாகவே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். நோட்டீசில் எத்தனை மணி போட்டிருந்தாலும் சாமி புறப்பாடு முடிந்துதான் முதல் வாணம் ஏறும்.

• மேலே பூ விரிந்ததும் சத்தம் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தால் மிகவும் கிட்டே இருக்கிறீர்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய்விடுங்கள். "ஒன்று" என்று நிதானமாகச் சொல்லி முடிக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்ல இடம். அங்கிருந்துதான் முழு வட்டமும் கண்ணுக்குள் அடங்கும், கழுத்தும் வலிக்காது. சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம், நீலம் செம்பு என்று படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். சூடு கூடினால் நீலம் வெளுத்துவிடும். அதனால் நல்ல நீலம் விரிந்தால் வாணக்காரருக்குத் தாராளமாகக் கைதட்டலாம்.

• காற்று முதுகில் படும்படி உட்காருங்கள். புகையும் எரிந்த காகிதமும் எதிர்ப்பக்கம் போகும். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல.

• சிறுபிள்ளையின் கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று பெரிய பிள்ளைகளிடம் ஓர் இடத்தைக் காட்டிவையுங்கள்.

செய்யக்கூடாதவை

• கைக்குழந்தையை வேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்கு நம் நாட்டில் தடை. பிள்ளைகள் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்போ 120. சட்டத்துக்கு உட்பட்ட வெடியே குழந்தைக்கு அதிகம். காதில் பஞ்சு வைத்தால் போதாது; பாட்டியோடு வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது மேல்.

• வெடிக்காமல் விழுந்ததை யாரும் தொடக்கூடாது. எனக்கு அதிகம் பயம் இதில்தான். மறுநாள் காலையில் பையன்கள் திடலில் குனிந்து குனிந்து தேடுவார்கள். திரி கருகி, நூல் சுற்று பிரியாமல் கிடக்கும் ஓர் உருண்டை கிடைக்கும். அதைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். சட்டென்று மூளும் தீயில் முகமும் விரல்களும் போய்விடும். காலையில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். திடலை யார் கூட்டிப் பெருக்குவது என்று விழாக் குழுவிடம் அன்று இரவே கேளுங்கள்.

• முந்திரிக் கொல்லை ஓரம், கூரை வீட்டு வாசல் இரண்டும் வேண்டாம். கோடையில் முந்திரிச் சருகுக்கு ஒரு பொறி போதும்.

• பக்கத்து ஊரைவிட நம் ஊர் வாணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று யாரையும் உசுப்பேற்றாதீர்கள். 2016 ஏப்ரலில் கொல்லம் புற்றிங்கல் கோவிலில் போட்டி வாணவேடிக்கையின்போது வெடி வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் மாவட்டத்திலேயே, திருமானூர் பக்கம் விரகாலூர் வெடி ஆலையில் 2023 அக்டோபர் 9 அன்று நடந்த விபத்தில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். நாம் அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொன்றையும் யாரோ உயிரைப் பணயம் வைத்துத்தான் கையால் உருட்டியிருக்கிறார்கள்.

• தீக்காயத்தில் பேஸ்ட், மை, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, பெரிய காயமென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டால் கசக்கவோ அழுத்தவோ கூடாது.

• கடைசி வாணம் ஏறியதும் எழுந்து ஓடாதீர்கள். அரை மணி நேரம் மிளகாய் பஜ்ஜிக் கடைப் பக்கம் உட்கார்ந்தால் நெரிசல் தானே குறையும். அரியலூர்ச் சாலையில் இரவிலும் சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடும். தூங்கி வழிகிற பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு ஒரே பைக்கில் நான்கு பேர் வரக்கூடாது. கடைசி பஸ் எப்போது என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் அந்த ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்து விடிந்ததும் வாருங்கள்.